பதில் தட்டல்

காலையில் பச்சைத் துணியை விலக்கியதும் சம்பங்கியின் கண்ணில் முதலில் பட்டது மீன் இல்லை, தண்ணீர். தண்ணீர் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று துரைசானி கண்ணாடித் தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டுப் போயிருந்த காகிதத் துண்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் தண்ணீர் ஏறி நின்றது.

ஏறுவதாவது! சித்திரை மாதம். ஊரிகம் மேட்டில் காக்காய்கூட வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற வெயில். ராத்திரிக்கு ஒரு விரல் வற்றும், காலையில் அவள் அந்தத் துண்டு வரைக்கும் ஊற்றி நிரப்புவாள். இந்த பங்களாவில் வேலைக்கு வந்த இரண்டு வருஷமாக நடப்பது அதுதான்.

"பட்லரையா, நேத்து ராத்திரி தொட்டியில தண்ணி ஊத்துனீங்களா?"

சமையற்கட்டிலிருந்து ஆபிரகாம் துடைத்த தட்டும் கையுமாக வந்தார். "நானா? மூஞ்சி கழுவத் தண்ணி இல்லாம மூணு நாளா துண்டை நனைச்சுத் தொடச்சுகினு கீறேன். உன் மீனுங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறேனா?"

"மேல ஏறியிருக்குது பாருங்க."

"ஏறுனா நல்லதுதானே. தண்ணி வண்டிக்காரன் நாளைக்கும் வரமாட்டானாம். பேத்தமங்களா ஏரியிலேருந்து கொழாய் போடறோம், போடறோம்னு சொல்லிகினே கீறாங்கோ. அது வரதுக்குள்ள நாம கருவாடு." அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து விரலை நீட்டி எண்ணினார். தினமும் எண்ணுவார். "ஏழு. எட்டு மீனு எண்ணிக் குடுத்துட்டு ஊட்டிக்குப் போனாங்க அந்தம்மா. திரும்பி வந்து இன்னா பட்லர், ஒண்ணு எங்கேன்னு கேட்டா நான் இன்னா சொல்ல? ஏரியிலேருந்து ஒரு கெண்டையைப் புடிச்சு செவப்பு மை தடவிப் போட்டுடலாமா?"

சம்பங்கி சிரிக்கவில்லை. ஆபிரகாமும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த எட்டாவது மீன் செத்தது எந்த நாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினோரு நாளாகிறது. பங்களாவின் ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே, மேட்டின் மறுபக்கம், தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய சாஃப்ட் இருக்கிறது. அதன் மேல் கட்டியிருக்கும் மரக்கோபுரமும் அதன் உச்சியில் பெரிய சக்கரமும் ஜன்னலிலிருந்தே தெரியும். அந்தச் சக்கரம் சுற்றினால் கயிறு இறங்கும், கயிற்றில் தொங்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு இறங்கும், கூண்டில் எட்டு ஆள் நிற்கலாம். பதினோரு நாளைக்கு முன்னால் அடி மட்டத்தில் பாறை உடைந்து தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தபோது கீழே ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் காத்தவராயன், சம்பங்கியின் புருஷன். அடியில் நின்று மணிக்கம்பி இழுக்கிற வேலை அவனுக்கு.

அவள் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். கூலிக்காரர் லைன் வீட்டுப் பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பேசட்டும். இந்த ஜன்னலிலிருந்துதான் அந்தச் சக்கரம் தெரிகிறது. கம்பெனியில் வாயைத் திறந்தால் வேலை நடக்கிற ஆள் இந்த வீட்டுத் துரைதான்.

துரையிடம் கேட்டாகிவிட்டது. ஆபிரகாம்தான் இங்கிலீஷில் சொல்லி, பதிலைத் தமிழில் சொன்னார். "தொரை சொல்றாரு, மூணு நாள் காது வெச்சுக் கேட்டாங்களாம். கீழேருந்து ஒரு தட்டல் வர்ல. உசுரோட இருந்தா தட்டியிருப்பாங்க. தட்டல் கேட்டாத்தான் ஆள் எறக்கறது ரூலு. வர்ற சனிக்கெழமை ரெண்டு மணிக்கு தண்ணி எறைக்கற பம்பை நிறுத்திடுவாங்களாம். அப்பறம் கல்லைக் கொட்டி மூடிடுவாங்களாம்."

"தட்டல் கேட்டா எறக்குவாங்களா? அதை மட்டும் கேளுங்க."

"கேட்டா எறக்குவாங்க. கேக்கலியேம்மா."

அந்தச் சனிக்கிழமை இன்றைக்குத்தான்.

*

தொட்டி மூன்று முழ நீளம், இரண்டு முழ ஆழம். மீன்கள் மதராஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய சிவப்பு மீன்கள், உள்ளங்கை நீளம். மணிக்கு ஒரு தரம் பித்தளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு முழ உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கரு கடுகளவு போட வேண்டும். அடியில் சேரும் கசடை ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி இழுத்துவிட வேண்டும். மத்தியானம் வெயில் ஏறினால் பச்சைத் துணியால் மூட வேண்டும். துரைசானி ஒவ்வொன்றையும் செய்து காட்டிவிட்டுத்தான் போனார்.

தண்ணீருக்கு எங்கே போவது? வண்டித் தண்ணீரை ஆபிரகாம் பூட்டி வைத்திருந்தார். பங்களாவின் பின்னால் கல் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. பழைய சாஃப்டிலிருந்து பம்பு இறைத்துக் கொட்டுகிற தண்ணீர் அதில்தான் வரும். செடிக்குக்கூட ஊற்றக் கூடாது என்று கட்டளை. சம்பங்கி அதை ஒரு குடம் மொண்டு, ஒரு நாள் தெளியவைத்து, பயந்து பயந்து தொட்டியில் ஊற்றினாள். மீன் சாகவில்லை. மறுநாளும் ஊற்றினாள். இன்னும் துடியாக நீந்தின.

அப்புறம் ஒரு நாள் கசடு எடுக்கக் குழாயை உறிஞ்சினாள். தண்ணீர் வாய்க்குள் வந்துவிட்டது. துப்பப் போனவள் துப்பவில்லை. வெடிமருந்துப் புகை, இரும்பு, எரிந்த கொழுப்பு மெழுகுவத்தி, எல்லாவற்றுக்கும் அடியில் வெற்றிலை. ஷிப்டு முடிந்து வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவனின் வாசனை அப்படியே நாக்கில் இருந்தது. அன்றிலிருந்து அவள் வாய்க்கால் தண்ணீரைத் தெளியவைப்பதை விட்டுவிட்டாள். தினமும் இரண்டு குடம். அந்த அளவு பழையதை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிது.

மீன்கள் வெளுக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். முதலில் வால். பிறகு வயிறு. சிவப்பு கழன்று, மெழுகு நிறம் வந்தது. கண்ணில் வெள்ளைப் படலம். தீனி போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏழும் ஒரே மூலையில் கூடி, சக்கரம் தெரிகிற ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றன.

இன்றைக்கு, கரண்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏழும் ஒரு சாண் பின்னால் நகர்ந்தன. ஒன்றாக முன்னால் வந்து மூக்கால் கண்ணாடியை இடித்தன.

டொக்.

பின்னால் நகர்ந்தன.

டொக்.

மறுபடி.

டொக்.

கரண்டி கையிலேயே நின்றது. கரண்டியிலிருந்த தண்ணீர் சொட்டி முடிந்தது. கொஞ்ச நேரம். பிறகு மறுபடி மூன்று.

அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் காத்தவராயன் சொல்லிக்கொடுத்தது. "மூணு அடிச்சா ஆளு ஏறப் போவுதுன்னு அர்த்தம். மேல இருக்கறவன் மூணு திருப்பி அடிக்கணும். அந்தப் பதில் வர்ற வரைக்கும் ஒருத்தனும் கேஜுல காலு வெக்கக் கூடாது. அப்பறம் ஒண்ணு அடிச்சா தூக்கு. ரெண்டு அடிச்சா எறக்கு. புரிஞ்சுதா?"

"எனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? நான் இன்னா சொரங்கத்துக்கா வரப்போறேன்?"

"நம்ம வூட்டுக்கும் அதே ரூலுதான்."

விளையாட்டில்லை, அப்படியே செய்தான். ஷிப்டு விட்டு வந்தால் கதவை மூன்று தரம் தட்டுவான். அவள் உள்ளேயிருந்து மூன்று தரம் தட்டினால்தான் காலை உள்ளே வைப்பான். ஒரு தடவை என்னமோ கோபத்தில் அவள் பதில் தட்டாமல் படுத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது, மனுஷன் மழையில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறான். "ஏன் மாமா, தள்ளிகினு வரக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "நீ தட்டலியே" என்றான்.

*

தட்டலை மீன் தட்டுகிறது என்று துரையிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஒரு சாட்சி வேண்டும். மணிக் கணக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். பழைய சாஃப்டின் வாயில் பதில் மணி அடிக்கிற முனிரத்தினம் மேஸ்திரியை ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தாள். வரமாட்டேன் என்றார். காலில் விழுந்தாள். வந்தார்.

வெட்டிவேர்த் தட்டி போட்ட ஹால் பட்டப்பகலிலும் கிணற்றடி மாதிரி இருட்டாக இருந்தது. மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, மீனைக் காட்டவா இட்டாந்தே?"

"பேசாம இருங்கண்ணா. காது குடுங்க."

டொக். டொக். டொக்.

மேஸ்திரியின் முகம் கடைசி வரைக்கும் அவள் மறக்கக்கூடிய முகம் இல்லை. ஆச்சரியம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஆச்சரியமே இல்லை. கடன்காரனை வாசலில் கண்டவன் மாதிரி இருந்தது.

"ரெண்டாவது தட்டல் கொஞ்சம் இழுக்குது பாத்தியா?" என்றார் மெதுவாக. "அவன் கைதான். கம்பியை அப்பிடித்தான் இழுப்பான்."

"அப்ப உசுரோட கீறாரு! வாங்கண்ணா, தொரைகிட்ட வந்து இதைச் சொல்லுங்க. ரெண்டு மணிக்குள்ள சொல்லணும், வாங்க!" அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தங்கச்சி."

"நேரமாவுதுண்ணா!"

"தங்கச்சி, அன்னிக்கே இந்த மணி கேட்டுச்சும்மா."

அவள் அவர் கையை விட்டாள்.

"கேஜு அடியிலதான் நின்னுகினு இருந்துச்சு. ஏழு பேரும் பக்கத்துல. மூணு அடிச்சான் உன் ஊட்டுக்காரன். அதே நேரத்துல சாஃப்டு வாயிலேருந்து ஒரு சத்தம் வந்துது பாரு, மலை இருமுனா மாதிரி. நான் பயந்து ஓடிட்டேன். மணிக்கயித்தை வுட்டுட்டு ஓடிட்டேன். வேலி வரைக்கும் ஓடி, நின்னு, கேட்டுகினே இருந்தேன். மூணு அடிக்கறான். நிறுத்தறான். மூணு அடிக்கறான். பதில் இல்லாம அவன் ஏறவும் மாட்டான், யாரையும் ஏற வுடவும் மாட்டான். நான் திரும்பி வந்தப்ப மணி நின்னு பூடுச்சு. தொரை கேட்டாரு. தட்டலே வர்லன்னு சொல்லிட்டேன்."

பம்பு மட்டும் தூரத்தில் தடக், தடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் நகர்ந்தன.

டொக். டொக். டொக்.

"இன்னும் பதிலுக்குத்தான் நிக்கறாங்க," என்றார் மேஸ்திரி.

"இப்ப போய்ச் சொல்லுங்க." அவர் கையை மறுபடி பிடித்தாள். "பொய் சொன்னேன்னு சொல்லுங்க. உங்களை நான் ஒண்ணும் கேக்கல. பம்பை நிறுத்தாம இருக்கச் சொல்லுங்க."

"சொல்றேன். தோ, போறேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ மட்டும் பதில் தட்டிடாதம்மா. பதினோரு நாளு தண்ணிக்குள்ள நின்னது மேல வந்தா, அது அவன் இல்ல. தட்டிடாதே."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி மேட்டில் இறங்கினார். ஆபீசுக்குத் திரும்புகிற இடம் வந்தது. திரும்பவில்லை. தலைப்பாகையைக்கூடக் கட்டாமல், ரயில் ஸ்டேஷன் பாதையில், குனிந்த தலை நிமிராமல் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

சம்பங்கி ஆபீசுக்கு ஓடினாள். துரை மாரிக்குப்பம் போயிருந்தார். எப்போது வருவார்? விளக்கு வைக்கும்போது. காவல்காரன் அவளை உட்காரச் சொன்னான். உட்காரவில்லை. திரும்ப ஓடிவந்தாள். மேட்டின் மேலே கல் வண்டிகள் பழைய சாஃப்டைப் பார்த்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

*

ரெண்டு மணிச் சங்கு ஊதியது.

பம்பு நின்றது.

பதினோரு நாளாகக் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன சத்தம். நின்றதும்தான் அது இருந்ததே தெரிந்தது. வீட்டில் ஒரு பெரிய குழி விழுந்தமாதிரி இருந்தது. சமையற்கட்டில் ஆபிரகாம் குறட்டை விடுவது கேட்டது. அவள் மூச்சு கேட்டது. வேறொன்றும் இல்லை.

டொக். டொக். டொக்.

மீன்களின் மூக்குகள் சிதைந்திருந்தன. கண்ணாடியில் அவை இடித்த இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

டொக். டொக். டொக்.

"மாமா," என்றாள்.

வெளியே மேட்டில் முதல் வண்டியின் பின்பலகையைத் திறக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் கல்.

மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றவனை நினைத்தாள். நீ தட்டலியே என்றவனை.

அது அவனாக இல்லாவிட்டால் என்ன? எதுவாக வந்தாலும் வரட்டும்.

பித்தளைக் கரண்டியைத் திருப்பிப் பிடித்தாள். காம்பால் கண்ணாடியைத் தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மீன்கள் நின்றன. பிறகு மெதுவாக நிமிர்ந்தன. வால் மணலில், தலை மேலே. தோளோடு தோள் இடிக்கிறமாதிரி நெருங்கி நின்றன. முன்னால் நான்கு. பின்னால் மூன்று. பின்வரிசையில் ஒரு மீன் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

டொக்.

ஒன்று. தூக்கு.

தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. கறுப்பு. குளிர். அவள் பாதத்தைத் தொட்டது. கணுக்காலைத் தொட்டது. ஜன்னலுக்கு வெளியே, கயிறு கழற்றி ஒரு வாரமாகிவிட்ட அந்த வெறும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் மாடுகளைப் பூட்டோடு விட்டுவிட்டு மேட்டிலிருந்து ஓடினார்கள்.

சக்கரம் நின்றது.

மெழுகுவத்தி வாசனை. புகை. வெற்றிலை.

தாழ்வாரத்துக் கதவில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டி காலையிலிருந்து காய்ந்துதான் கிடந்தது. இப்போது அதிலிருந்து நீர் சொட்டியது. தட்டிக்குப் பின்னால் நிழல்கள். முன்னால் நான்கு. பின்னால் மூன்று.

கதவு தட்டப்பட்டது. மூன்று தரம். இரண்டாவது கொஞ்சம் இழுத்து.

அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

காத்தவராயன் முன்வரிசையில் நின்றான். அவன்தான். தொப்பியில் களிமண்ணில் பதித்த மெழுகுவத்தி. கண் இருந்த இடத்தில் வெள்ளைப் படலம். வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தமில்லை. மூச்சுக்கு மேலே வந்த மீன் மாதிரி.

"வா மாமா. உள்ள வா. தட்டிட்டேன் இல்ல?"

யாரும் உள்ளே வரவில்லை. ஏழு பேரும் ஒரு அடி ஒதுங்கினார்கள். பின்வரிசையில் இடம் தெரிந்தது.

தண்ணீர் அவளைப் பின்னாலிருந்து தள்ளியது. முழங்கால். இடுப்பு. அவள் கால் கதவைத் தாண்டியது. தாழ்வாரத்துக் கல் இல்லை. குளிர்ந்த இரும்பு. இரண்டு பக்கமும் ஈரத் தோள்கள் வந்து ஒட்டின.

பின்னால், தொட்டியில், இரண்டு.

டொக். டொக்.

இறக்கு. காலடி இரும்பு சரேலென்று இறங்கியது. இருட்டு. தண்ணீர் வாயில், மூக்கில். கீழே. கீழே. பிறகு நின்றது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மேலே மட்டும் பார்க்க முடிந்தது. மேலே ஒரு சதுரம் வெளிச்சம்.

சதுரத்துக்குள் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தூக்கம் கலையாத, பெரிய, ஆபிரகாமின் முகம். விரல் நீண்டது. ஒவ்வொன்றாக எண்ணியது. அவளிடம் வந்து நின்றது.

"எட்டு!" குரல் தண்ணீர் வழியே கரகரத்து இறங்கியது. "அட, எட்டும் கீது. யம்மா சம்பங்கி, எங்கே பூட்டே? இங்க வந்து பாரேன்!"

அவள் கத்தினாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

பக்கத்தில் இருந்ததை முட்டினாள். கண்ணாடியோ, கல்லோ. மூன்று தரம். நிறுத்தி, மறுபடி மூன்று தரம்.

மேலே ஆபிரகாம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஐயோ, வெயில் ஏறிப்போச்சு," என்றார். பச்சைத் துணியை இழுத்துத் தொட்டியை மூடினார்.